கேஸ் ஏத்தின பீரும் தானாப் பொங்குற கள்ளும்

பீர்ல நுரை எங்கிருந்து வருதுன்னு கேட்டா, தினமும் குடிக்கிறவங்கள்லயே பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "பாட்டில்ல அடைச்சு வருதுங்க" என்பார்கள். கள்ளுல நுரை எங்கிருந்து வருதுன்னு கேட்டா, எங்க ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர்கூடச் சொல்லுவார்: "அது உசுரோட இருக்குதுங்க, பொங்கத்தான் செய்யும்." ரெண்டு நுரையும் ஒரே வாயுதான், கார்பன் டை ஆக்சைடு. ஒண்ணுல அதை வெளியே இருந்து ஏத்தணும், இன்னொண்ணுல தானா ஏறும். இந்த ஒரு வித்தியாசத்தை வெச்சு எனக்குச் சொல்ல வேண்டிய விசயம் ஒண்ணு இருக்கு. கள்ளு உணவா மருந்தா, சங்க காலத்துல யார் யார் குடிச்சாங்க என்கிற வழக்கமான பட்டிமன்றம் இதில் வராது. கேஸ் பத்தி மட்டும்தான்.

போன வருசம் ரெண்டு மாசம் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். தோப்பைத் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போனேன், இருந்தாலும் மோட்டார் ஓடுச்சான்னு தினம் ரெண்டு போன் போடாம இருக்க முடியலை. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாரக்கடைசியில் கார் நிறுத்துற கொட்டகையில் பீர் காய்ச்சுவார். மாமனார் முன்னாடி காட்டலாமா வேண்டாமான்னு முதல் வாரம் பூரா அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. பேத்திதான் போட்டுக் கொடுத்தாள்: "அப்புச்சி, அப்பா அங்க ஜூஸ் செய்வாரு."

காய்ச்சுற வேலையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். முளைகட்டி உலர்த்தின பார்லியைச் சுடுதண்ணியில் ஊற வெச்சு இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆறினதும் ஈஸ்ட் போட்டு மூடி ரெண்டு வாரம் விடணும். கரும்புப்பால் காய்ச்சுறதை ஆலைக்கொட்டாயில் நின்னு பார்த்தவங்களுக்கு இதில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. அதுக்கப்புறம் நடக்கறதுதான் என்னை உட்கார வெச்சது.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு டம்ளர் பிடிச்சுக் கொடுத்தார். கசப்பு இருந்தது, வாசனை இருந்தது, உசுரு இல்லை. திறந்து மறுநாள் வரைக்கும் வெச்ச சோடா மாதிரி சப்புன்னு இருந்தது. காரணம் இதுதான்: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது எடைக்கணக்கில் ஏறக்குறையப் பாதி சாராயமாகுது, மீதிப் பாதி இந்த வாயுவாகுது. பாத்திரத்து மூடியில் தண்ணி ஊத்தின சின்னக் குழாய் ஒண்ணு செருகியிருப்பாங்க. அது வழியா ராப்பகலா 'புளுக் புளுக்'னு வாயு வெளியே போயிட்டே இருக்கும். போக விடலைன்னா பாத்திரம் தாங்காது. ஆக, பீரோட சொந்தக் கேஸ்ல பெரும்பகுதி கொட்டகைக் காத்தோட போயிடுது. போனதைத் திரும்பக் கொண்டுவர்றது தனி வேலை.

பழைய வழி பாட்டில். 19 லிட்டருக்கு நூறு, நூத்திஇருபது கிராம் சர்க்கரையைக் கரைச்சு ஊத்தி மூடி போட்டுட்டா, மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்னு உள்ளேயே கேஸ் உண்டாக்கும். ரெண்டு மூணு வாரம் ஆகும். சர்க்கரை கூடிப்போனாலோ, நொதிச்சு முடியறதுக்கு முன்னாடியே அடைச்சுட்டாலோ பாட்டில் வெடிக்கும். மாப்பிள்ளையோட நண்பர் வீட்டுச் சுவத்துல கண்ணாடித் துண்டு குத்தி நின்ன தடத்தை எனக்குக் காட்டினாங்க. தீபாவளிக்கு வெங்காய வெடி போட்ட தலைமுறை நான், எனக்கே கொஞ்சம் நடுங்குச்சு.

அதனால அவர் கெக்குக்கு மாறிட்டார். கெக்னா வேற ஒண்ணும் இல்லை, நம்ம பால் கேனை ஒல்லியாக்கி உயரமாக்கினா எப்படி இருக்கும், அதுதான். துருப்பிடிக்காத எஃகு, 19 லிட்டர் கொள்ளும். தலையில் ரெண்டு வாய். ஒண்ணுல கேஸ் உள்ளே போகும். இன்னொண்ணுல இருந்து ஒரு குழாய் அடி வரைக்கும் இறங்கும், பீர் அது வழியா வெளியே வரும். நடுவில் அழுத்தம் மீறினா தானாத் திறந்துக்கிற வால்வு. இது பீருக்காகச் செஞ்ச பாத்திரமே இல்லை. பெப்சி, கோக் கம்பெனிகள் கடைகளுக்குக் குளிர்பானம் அனுப்ப வெச்சிருந்த கேன், கார்னீலியஸ்னு ஒரு கம்பெனி செஞ்சதால 'கார்னி கெக்'னு பேர். பின்னாடி அந்தக் கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் பையில் சிரப் அனுப்ப ஆரம்பிச்சதும், பழைய கேன்கள் மலிவா வெளியே வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுறவங்க அள்ளிக்கிட்டாங்க. ஒருத்தர் கழிச்சுப் போட்டது இன்னொருத்தருக்குக் கருவியாகிற கதை விவசாயிக்குப் புதுசில்லை. என் மருந்தடிக்கிற டிரம்மும் பழைய எண்ணெய் டிரம்தான்.

இனி கேஸ் ஏத்துற முறை. பீரைக் கெக்ல நிரப்பி, மூடி, மேலே தங்கியிருக்கிற காத்தை வாயு விட்டு விரட்டிட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு மூணு நாலு டிகிரிக்குக் குளிர வைக்கணும். சிலிண்டர், ரெகுலேட்டர், ஒரு ஓஸ். ரெகுலேட்டரை 12 பி.எஸ்.ஐ.க்கு வெச்சார். கார் டயருக்கு அடிக்கிற காத்துல பாதிகூட இல்லை.

"அவ்வளவுதானுங்களா மாப்பிள்ளை?"

"அவ்வளவுதானுங்க மாமா. இனி பத்து நாளைக்குக் கை வைக்கக் கூடாது."

பத்து நாளா! எங்க ஊர்ச் சந்தைப்பேட்டை ஓரத்துல முன்னாடி ஒரு சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனின்னா ஓலைக் கொட்டாய், சிலிண்டர், கையால சுத்துற மெசின் ஒண்ணு. தண்ணி நிரப்பின பாட்டில்களை மெசின்ல மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு 'கடகட'ன்னு சுத்துவாங்க. பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு வந்து ரப்பர் வளையத்துல உக்காந்துக்கும். நிமிச வேலை. அதை மாப்பிள்ளைகிட்டச் சொல்லி, "நாமளும் இதை உருட்டி எடுத்துடலாமே"ன்னு கேட்டேன். செய்யறவங்க இருக்காங்களாம். 30 பி.எஸ்.ஐ. வெச்சு ஒரு நாள், ஒன்றரை நாள்ல ஏத்திட்டு அழுத்தத்தைக் குறைக்கிறது ஒரு முறை. கெக்கைப் படுக்க வெச்சு உருட்டி ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கிறது இன்னொரு முறை. குலுக்கும்போது திரவத்துக்கும் வாயுவுக்கும் தொடுற பரப்பு கூடுது, அதனால சீக்கிரம் கரையுது. கோலி சோடாவோட சூட்சுமமும் அதேதான்.

ஆனா சோடா வெறும் தண்ணி. பீர்ல தானியத்துப் புரதம் இருக்கு, நுரை கட்டும். அடியில் ஈஸ்ட் படிஞ்சிருக்கும், குலுக்கினா கலங்கி மேலே வரும். எல்லாத்துக்கும் மேல, அவசரத்துல அளவு தாண்டிடுச்சுன்னா திருகித் திருகி வெளியே விட்டு மறுபடி சரி பண்ணணும். மெதுவா ஏத்தினா தாண்டவே தாண்டாது. இன்ன குளிர்ல இன்ன அழுத்தத்துக்கு இவ்வளவுதான் கரையும்னு ஒரு எல்லை இருக்கு. 1803-ல் வில்லியம் ஹென்றிங்கிற ஆங்கிலேயர் வகுத்த விதி. எல்லையைத் தொட்டதும் அது தானா நின்னுக்கும். நீங்க மறந்துபோய்ப் பதினைஞ்சு நாள் விட்டாலும் கெடாது. எனக்கு இந்த முறைதான் பிடிச்சது. ரெகுலேட்டரைச் சரியா வெச்சுட்டுத் தூங்கப் போற மனுசனை விட்டுட்டு, உருட்டுற மனுசனை நான் ஏன் நம்பணும்?

அளவுக்கு அவங்க வெச்சிருக்கிற கணக்கும் அழகானது. ஒரு லிட்டர் பீர்ல ரெண்டரை லிட்டர் வாயு கரைஞ்சிருந்தா அது ரெண்டரை 'வால்யூம்'. சாதாரண பீருக்கு அந்த அளவு போதும். 19 லிட்டர் கெக்குக்கு எடையாப் பார்த்தா 90 கிராம் சொச்சம், ஒரு கைப்பிடி சர்க்கரை எடைதான். இங்கிலாந்துல மரப்பீப்பாய்க் காலத்து முறையில் ஊத்தற ஏல் பீருக்கு ரெண்டுக்கும் கீழே, ஜெர்மன் கோதுமை பீருக்கு மூணரைக்கு மேலே. குளிர் இல்லாம 20 டிகிரியில் வெச்சு அதே ரெண்டரையை ஏத்தணும்னா 12 போதாது, 28 பி.எஸ்.ஐ. வேணும். ஊத்தற ஓஸ் குட்டையா இருந்தா டம்ளர் பூரா நுரைதான் வரும். ரெண்டு மூணு மீட்டர் மெல்லிய ஓஸ் போட்டா வழியிலேயே அழுத்தம் குறைஞ்சு சாதுவா இறங்கும். சொட்டுநீர்ல கடைசி வரிசைத் தென்னைக்குத் தண்ணி போகாம மல்லுக்கட்டின எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கலை.

இந்தக் கேஸுக்கு ஒரு வரலாறு உண்டு, சொல்லாம விட மனசில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துல ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். 1767-ல் நொதிக்கிற பீர்த் தொட்டிக்கு மேலே தண்ணிப் பாத்திரத்தை வெச்சு, அதில் அந்த வாயு இறங்கினதும் குடிச்சுப் பார்த்தார். ஜிவ்வுன்னு இருந்தது. 1772-ல் செய்முறையைப் புத்தகமாவே போட்டார். ஆக, உலகத்து சோடாவுக்கெல்லாம் தாய் பீர்த்தொட்டி. இப்ப சோடாக் கேன்ல, சோடா சிலிண்டர் வெச்சு, பீருக்குக் கேஸ் ஏத்தறாங்க. கொடுத்த கடன் திரும்பி வந்திருக்கு.

இன்னொரு வேடிக்கை, சிலிண்டர்ல இருக்கிற கேஸ்ல நிறைய உர ஆலைகள்ல இருந்துதான் வருது. யூரியாவுக்கு அம்மோனியா வேணும். அம்மோனியா செய்யும்போது இந்த வாயு ஏராளமா மிஞ்சும். 2018 ஜூன்ல ஐரோப்பாவில் பல அம்மோனியா ஆலைகள் ஒரே சமயத்துல பராமரிப்புக்கு நிறுத்தினப்ப, உலகக்கோப்பைக் கால்பந்து நடக்கிற நேரத்துல பிரிட்டன்ல பீருக்கும் குளிர்பானத்துக்கும் கேஸ் தட்டுப்பாடு வந்துச்சு. யூரியா மூட்டைக்கு வரிசையில் நின்ன நாம ஒரு பக்கம், பீருக்குக் கேஸ் இல்லாம நின்ன அவங்க இன்னொரு பக்கம், காரணம் ஒரே வகை ஆலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பூட்டின சின்ன அறையில் சிலிண்டர் கசிஞ்சா ஆளைக் கொல்லும். காத்தை விடக் கனம், தரையோட தேங்கும். பழைய கிணத்துல தூர்வார இறங்கறதுக்கு முன்னாடி விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்ப்பாங்களே எங்க பெரியவங்க, அது அணைஞ்சா இறங்க மாட்டாங்களே, அங்கே தேங்கிக் கிடக்கிறதுலயும் இது உண்டு. மாப்பிள்ளை கொட்டகையில் அதுக்குன்னு ஒரு அலாரம் மாட்டியிருந்தார். பார்த்ததும் மனசு கொஞ்சம் சமாதானமாச்சு.

சரி, இதெல்லாம் அவருக்கு யார் கத்துக் கொடுத்தா? அப்பா கொடுக்கலை. அவங்க வீட்டில் பீர் வாசனையே ஆகாது. அந்த ஊர்ல வீட்டில் காய்ச்சுறவங்களுக்குன்னே கடை இருக்கு, சங்கம் இருக்கு, கெட்டுப்போன பீரை எடுத்துட்டுப் போய்க் காட்டினா மோந்து பார்த்துக் காரணம் சொல்ற பெரியவங்க இருக்காங்க. இதுக்கெல்லாம் அடியில் ஒரு சட்டம் இருக்கு. அங்கேயும் 1920-ல் நாடு பூரா மதுவிலக்கு வந்துச்சு, 1933-ல் போச்சு. போனப்ப வீட்டில் ஒயின் செய்ய விட்டாங்க, பீரை விடலை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். அவரும் நிலக்கடலை விவசாயி. பெரியவர் ஒருத்தருக்கு வருசத்துக்கு 100 கேலன், ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரைக்கும் வரியில்லாம வீட்டுல செஞ்சுக்கலாம், விக்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டு, கடைசி ரெண்டு மாநிலம், அலபாமாவும் மிசிசிப்பியும், 2013-ல்தான் வழிக்கு வந்தன.

அதிலிருந்து என்ன வந்துச்சுன்னா, கென் கிராஸ்மேன்னு ஒருத்தர் கலிபோர்னியாவில் சீக்கோங்கிற ஊர்ல வீட்டுப் பீர்க்காரங்களுக்குச் சாமான் விக்கிற கடை வெச்சிருந்தார். பழைய பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கி ஒட்ட வெச்சு 1980-ல் சியரா நெவாடாங்கிற பீர் ஆலையை ஆரம்பிச்சார். இன்னைக்கு அது அந்த நாட்டுப் பெரிய ஆலைகள்ல ஒண்ணு. முதல்ல வீட்டுல கைப்பழக்கம், அப்புறம்தான் தொழில். இந்த வரிசையைக் கவனிங்க.

இப்ப நம்ம மரத்துக்கு வரேன். தென்னம்பாளையைச் சீவி முட்டி கட்டினா, சொட்டு விழுந்த நிமிசத்துல இருந்து காத்துல இருக்கிற ஈஸ்ட் அதில் வேலையைத் தொடங்கிடும். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போட வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். காலையில் இறக்கும்போதே நுரை கட்டியிருக்கும். பொங்கிட்டு இருக்கும்போதே குடிக்கிறோம், அதனால கேஸ் போறதுக்கு நேரமே இல்லை. முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவினா பொங்காது, தெளுவா இறங்கும். ஈஸ்டை ஓட விடறதுக்கும் நிறுத்தறதுக்கும் ஒரு விரல் சுண்ணாம்பு போதும்னு கண்டுபிடிச்ச கூட்டம் நம்ம மரமேறிகள்.

அந்த அறிவு அங்கேயே நின்னு போச்சு. 1987-ல் தமிழ்நாட்டுல கள்ளு இறக்கறதுக்குத் தடை வந்துச்சு. தடையால வருமானம் போச்சுன்னு எல்லாரும் பேசறாங்க, அது சரிதான். நான் சொல்றது வேற. அடுத்த படிக்குப் போற உரிமை போச்சு. கள்ளு மேல சொல்ற பெரிய குறை என்ன? சாயங்காலம் புளிச்சிடும், மறுநாள் காடி. எடுத்துட்டுப் போக முடியாது, அளவு நிக்காது. ஏனுங்க, மாப்பிள்ளையோட பீரை வாய் திறந்த சட்டியில ஊத்தி எங்க ஊர் முப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல வெச்சா அது மட்டும் என்ன ஆகும்? பீரைக் காப்பாத்தறது மூணு விசயம்: குளிர், மூடின பாத்திரம், மேலே காத்துக்குப் பதிலா கேஸ். காடியாக்குற கிருமிக்குக் காத்து வேணும். காத்து இல்லைன்னா அது மடங்கிக் கிடக்கும். கள்ளுல அந்தக் கேஸ் இலவசமாவே இருக்கு, கெக்கை மூடினா அதுவே மேலே போர்வை மாதிரி நிக்கும். மிஞ்சின அழுத்தத்தை மட்டும் வெளியே விடற வால்வு பீர்க்காரங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. பால் புளிப்பு உண்டாக்குற கிருமி காத்து இல்லாமலும் வேலை செய்யும், அதனால குளிர் எவ்வளவு வேணும், எத்தனை நாள் தாங்கும், எந்த நேரத்துக் கள்ளு கெக்குக்குச் சரி என்கிறதையெல்லாம் செஞ்சு செஞ்சு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். கார் கொட்டகையில் கம்ப்யூட்டர்க்காரர் செய்யற இந்தச் சோதனையை என் தோப்புல நான் செஞ்சா அது குற்றம்.

"அதான் நீராவுக்கு வழி விட்டாச்சே"ன்னு ஒரு பதில் வரும். 2017-ல் அரசு உரிமத்தோட நீரா இறக்க வழி செஞ்சது, மறுக்கலை. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பாளையிலேயே ஐஸ் பெட்டி கட்டிக் குளிர வெச்சு இறக்கற முறையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு, அருமையான வேலை. ஆனா நீரான்னா நொதிக்காம நிறுத்தறது. நான் கேக்கிறது நொதிக்க விட்டு நிறுத்தறது. கேரளாவில் கள்ளுக்கடை இருக்கு, யாழ்ப்பாணத்துல பனங்கள்ளைப் பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. பொள்ளாச்சி எல்லையில் நின்னுக்கிட்டு இதைச் சொல்றது எவ்வளவு எரிச்சல்னு உங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரியலை. எனக்கும் அந்தப் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான்.

கலப்படம் வரும்னு சொல்றவங்களை நான் ஒதுக்க மாட்டேன். மரத்துல இறங்குற அளவை விட அதிகமா விக்கணும்கிற இடத்துலதான் மாத்திரையும் மயக்க மருந்தும் சேருது. அதை விட முக்கியமான எதிர்ப்பு பெண்கள்கிட்ட இருந்து வருது. எங்க வீதியிலேயே குடியால் ஆம்பளையை இழந்த வீடுகள் இருக்கு. அங்கே செத்தவங்க குடிச்சது முத்திரை ஒட்டின சரக்குதான், கள்ளு இல்லை. ஆனா அந்த வாதத்தை அந்த அக்காமார் முன்னாடி வெக்க எனக்கு வாய் வராது. இன்னொரு கடை திறக்கணும்னு நான் கேக்கலை. அதனாலதான் கள்ளுக்கடை கேக்கிற நண்பர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போறதில்லை. கடை முதல்ல வந்தா அளவு கூட்டுற அவசரமும் கூடவே வரும். கெக்கைப் போட்டு உருட்டுற கதைதான்.

நான் கேக்கிறது வீட்டு அளவு. சொந்த மரம், சொந்த வீடு, விக்கக் கூடாது, வித்தா தண்டனை. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட மரத்துக்கு நம்பர் போட்டுப் பதிஞ்சுக்கலாம். எத்தனை மரம்னு கேட்டா, ஒரு தென்னை நாளைக்கு ரெண்டு லிட்டர் கொடுத்தா வருசத்துக்கு 730 லிட்டர். அமெரிக்காக்காரன் ஒரு வீட்டுக்கு விட்டிருக்கிற 757 லிட்டரும் இதுவும் ஏறக்குறைய ஒண்ணு. மரத்துக்கும் ஓய்வு வேணும், அதனால வீட்டுக்கு ரெண்டு மரம், மாத்தி மாத்திச் சீவறது. இதுல எனக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது, செலவுதான். ஒரு தாலுகாவுல ஒரு வருசம் சோதிச்சுப் பார்க்கட்டும். கெக்கு பழசு ரெண்டு வாங்கிக்கலாம், சிலிண்டர் கோயமுத்தூர்ல நிரப்புறாங்க, பழைய ஃப்ரிட்ஜ் வீட்டுல சும்மாதான் கிடக்கு. மரமேறிக்குச் சீவுகூலி நான் கொடுத்துக்கறேன்.